சார்பு என்ற நான்காவது கட்டம்

"எங்க வீட்டுக் காத்துப் பம்பு ஒங்க வீட்டுக் கரண்டை நம்பித்தான் ஓடுதுன்னு நான் எழுதிக் கைநாட்டு வைக்கணுமா? இந்த விசாலம் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!"

"நம்பித்தானே மதினி ஓடுது?"

"ஓடட்டும். அதை எழுதிக் குடுக்கணுமோ?"

செவ்வாயின் மூன்றாம் குமிழியில் அப்போது காலை பத்து மணி. தொட்டியில் மிச்சமிருந்த காற்று நான்கு மணி நேரத்துக்குத்தான் வரும். ஆனாலும் நான்காம் வீட்டு விசாலமும் ஏழாம் வீட்டு ஞானசௌந்தரியும் அதில் தாராளமாகச் செலவழித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

குமிழியில் பதினோரு வீடுகள். குடியேறும்போதே ஒப்பந்தம், வீட்டுக்கு ஓர் எந்திரம். ஒரு வீட்டில் காற்று, ஒரு வீட்டில் மின்சாரம், ஒரு வீட்டில் வெந்நீர். இத்தனையையும் எழுப்பி, மேய்த்து, தூங்கவைக்கும் தலைமை நிரலுக்குக் கரு என்று பெயர். கருவுக்கு ஓர் அமைவுப் பட்டியல் உண்டு. வீட்டுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம்: வீடு, எந்திரம், வேகம், சார்பு. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பழைய கரு தானே மோப்பம் பிடித்து, வாயைத் திறக்காமல் வேலை பார்த்தது. அன்று காலை பூமியிலிருந்து வந்திறங்கிய புதிய கருவோ, சட்டம் படித்த யாரோ எழுதியது. வீட்டுக்காரர் தாமே எழுதிக் கட்டைவிரலை வைத்தால் ஒழிய எதையும் எழுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. பழையதை அதற்குள் அழித்தாகிவிட்டது.

இந்தத் தலைவலி உலகம்மையுடையது. அவள்தான் குமிழியின் கருப் பொறியாளர். வயது இருபத்தொன்பது, கல்யாணமாகவில்லை. ஏன் என்பதற்குக் குமிழியில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள், நமக்கெதற்கு அது.

பத்தரை மணிக்குப் பட்டியல் அவள் கைக்கு வந்தது. பத்து வீட்டின் நான்காவது கட்டத்திலும் ஒரே பதில்: யாரையும் இல்லை.

"வெந்நீருக்குச் சூடு எங்கேருந்து வருது மாமா?" என்று முதல் வீட்டுப் பிரமநாயகத்தைக் கேட்டாள்.

"அதுவா வருது."

"கரண்டு இல்லாமயா?"

"ஏட்டி, ஒங்கப்பனுக்கு நான் வெந்நீர் குடுத்தவன். என்னையே கேள்வி கேக்கியா?"

சரி என்று அதையே கருவிடம் கொடுத்துப் பார்த்தாள். யாரும் யாரையும் சாரவில்லை என்றால் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லையே. பத்து எந்திரமும் ஒரே நொடியில் எழுந்து, சேமிப்பு மின்கலத்தில் ஒரே நேரத்தில் வாயை வைத்தன. விளக்கு ஒருமுறை மின்னி, எல்லாம் படுத்துவிட்டன. காற்றில் அரை மணி நேரம் வீண்.

உலகம்மை யோசித்தாள். பட்டியல் என்பது அம்புக்குறிகளின் கூட்டம்தான். அம்பை இந்தப் பக்கமிருந்து வரைந்தாலும் அந்தப் பக்கமிருந்து வரைந்தாலும் கோடு ஒன்றுதான். நான்காவது கட்டத்தின் தலைப்பை மட்டும் மாற்றினாள்: உங்களை நம்பி இருப்பவர்கள் யார் யார்?

அடேயப்பா! இப்போது எழுத இடம் போதவில்லை. விசாலம் ஒன்பது வீட்டை எழுதினாள். சௌந்தரியும் ஒன்பது. பிரமநாயகம் ஒன்பது வீட்டோடு, அடைப்புக்குள் பூமியையும் சேர்த்திருந்தார். கதவுக்கு எண்ணெய் போடும் வீட்டுக்காரர்கூட, தான் இல்லாவிட்டால் இந்தக் குமிழியே இல்லை என்று அடிக்கோடிட்டிருந்தார்.

கரு இரண்டு நிமிடம் முனகிவிட்டுச் சொன்னது: "எல்லோரும் எல்லோரையும் சார்ந்திருக்கிறார்கள். யாரிடம் தொடங்குவது?"

மணி பன்னிரண்டு. அப்போதுதான் கவனித்தாள். பத்து பேரும் ஒன்பது வீட்டை எழுதியிருந்தார்கள். பதினோராம் வீட்டை ஒருவர்கூட எழுதவில்லை.

அது திரவியத்தின் வீடு. நான்கு வருடத்துக்கு முன்னால் புதுமனை விருந்தில், காலையிலிருந்து கால் கடுக்க நின்று சமைத்ததே என்று தன் சமையல் எந்திரனை முதல் பந்தியில் உட்கார வைத்தார். பிரமநாயகம் இரண்டாம் பந்திக்கு நிற்கும்படி ஆயிற்று. அன்றோடு அந்த வீட்டுக்குப் போக்குவரத்து இல்லை, பேச்சு இல்லை. திரவியத்தின் பொறுப்பில் இருப்பது குமிழியின் கடிகாரம். தனி மின்கலத்தில், யார் தயவுமில்லாமல் ஓடுவது. தன் கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: "நாலு வருஷமா என்னிடம் யாரும் மணிகூடக் கேட்டதில்லை."

யாரையும் சாராத ஒரே எந்திரம். எல்லோரும் அதை மட்டும் சார்ந்தால், கடிகாரம் முதலில் எழும். பிறகு அது இன்ன நிமிடத்துக்கு இன்னார் என்று ஒவ்வொருவராக எழுப்பிவிடும். ஆனால் இதைப் போய் எப்படிச் சொல்வது? அடிதான் விழும் என்று பயந்துகொண்டே சபையில் சொன்னாள்.



"திரவியத்தையா?" என்றாள் விசாலம். "எழுதிக்கோ."

"அத்தை, நெசமாவா?"

"இவ வீட்டை நம்பியிருக்கேன்னு எழுதினாத்தான் எனக்குக் கேவலம். அவனெல்லாம் ஒரு ஆளா? அவனை எழுதினா என்ன கொறைஞ்சுபோவுது?"

"அதானே மதினி" என்றாள் சௌந்தரி. இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது குமிழியின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

ஏழு நிமிடத்தில் பத்துக் கட்டைவிரலும் விழுந்தன. பாக்கி ஒன்று. சார்ந்திருப்பவர் வைத்தால் போதாது, தாங்குபவரும் மாதாமாதம் வைக்க வேண்டும். உலகம்மை பதினோராம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திரவியம் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"எல்லாரும் என்னையா எழுதியிருக்காங்க?"

"ஆமா அண்ணாச்சி."

"ஏதும் சொன்னாங்களா?"

"மரியாதையா எழுதச் சொன்னாங்க."

"ஒனக்குப் பொய் சொல்லத் தெரியலம்மா" என்று சிரித்துவிட்டு விரலை வைத்தார்.

ஒன்று பத்துக்குக் காற்று வந்தது. பதினோராம் வீட்டுக்கு யாராவது போய் ஒரு வார்த்தை சொன்னார்களா என்றால், இல்லை. சோற்றுக்கு நேரமாகிவிட்டது என்று அவரவர் உலை வைக்கப் போனார்கள்.

ஆறு மாதம் முதல் தேதி தவறாமல் விரல் வைத்தார் திரவியம். ஏழாம் மாதம் ஐந்தாம் குமிழிக்குக் குடிபோய்விட்டார். அங்கே வாசலில் நின்றால் காப்பி குடித்தாயா என்று கேட்கிறார்களாம். உலகம்மை மாற்றல் வாங்கிக்கொண்டு நிலாவுக்கே போய்விட்டாள்.

மூன்றாம் குமிழி சபை அவசரமாகக் கூடியது. இப்போதாவது சார்புக் கட்டத்தை ஒருவருக்கொருவர் ஒழுங்காக எழுதிவிடலாமே என்று புதிய பொறியாளர் கேட்டுப் பார்த்தார். அதற்கு அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த வாரம் விடுப்பில் போனார். அறிவிப்புப் பலகையில் விளம்பரம்தான் வந்தது: பதினோராம் வீட்டுக்கு ஆள் தேவை. யாரும் பேசிப் பழக வேண்டாதவராக, விசேஷங்களுக்கு அழைக்கத் தேவையில்லாதவராக இருத்தல் நலம்.

அடுத்த விரல் வைக்க வேண்டிய நாளுக்கு முன்பே விசாலத்தின் மகன் கதிரேசனும் சௌந்தரியின் மகள் சங்கரவடிவும் யாரிடமும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். இனி எங்களுக்கு அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்றார்கள். பிள்ளைகள் பதினோராம் வீட்டில் குடியேறி, முதல் தேதி தவறாமல் விரல் வைக்கிறார்கள். யாரும் அவர்களோடு பேசுவதில்லை. குமிழி நன்றாக மூச்சு விடுகிறது.