வாங்கு என்றொரு ஆணை

“அப்போ அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுங்கிறீங்களா?”

“பொய்யின்னு சொல்லல. அப்பாவுக்கு வயசு எழுபத்தெட்டு. பொண்டாட்டி மொகம் மறந்துபோற வயசுதானே?”

“மறந்தாரு, சரி. அந்த எடத்துல மீன் கழுவுற பொம்பளை எப்படிங்க வந்தா? மீன் வாடையே ஏறாத வீடு அது. ‘இவதான் என் சம்சாரம்’னு அடிச்சுச் சொல்றாராமா.”

ஜெயசீலன் புகாரை மறுபடி படித்தார். பெரியவரின் மகள் நேற்று அனுப்பியது அது. அதில் சொல்லப்பட்ட ‘பாலம்’ என்ற நிரல் ஜெயசீலன் கட்டியது. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவள் பூங்கோதை. மற்றவர்கள் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்துப் பிழை பிடிப்பதுதான் பீளமேட்டில் அந்த ஆறாவது மாடியில் அவள் வேலை.

பிழை இருந்தால் அது நேராக மனிதர்களின் தலைக்குள் போகும். காதுக்குப் பின்னால் அரிசி அளவுக்கு ஒரு மின்சில்லு. அதன் வழியாக நினைவுகள் பொதுவான நினைவுக்கிடங்குக்குப் போய்ச் சேரும். ஒருவரைப் பற்றிய எல்லா நினைவுகளையும் சேர்த்து ஓர் ஆள்தொகுப்பு, அதற்கு ஓர் எண். கிடங்குக்குப் போனபின் மூளை தன்னிடமிருந்த பிரதியை மெல்ல விட்டுவிடும். பதிலுக்கு, கிடங்கில் இருப்பது மங்காது. இறந்தவரின் குரலில் இருந்த கரகரப்பு வரை அப்படியே இருக்கும்.

வேண்டும்போது கூப்பிட மக்களே இரண்டு மூன்று வரியில் எளிய தமிழில் நிரல் எழுதிக்கொண்டார்கள். காய்கறி விற்பவர்கூட எழுதினார். காலை ஆறு மணிக்கு இதைக் காட்டு, அவ்வளவுதான். ஆனால் கிடங்கு எழுதப்பட்டிருந்தது வேறொரு பழைய, கறாரான மொழியில். எளிய நிரல் கேட்பதைக் கிடங்குக்குப் புரியவைத்து, கிடங்கு தருவதைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாலம். ஒன்பதாயிரம் வரி.

பூங்கோதை தேநீர்க் குவளையை வைக்க இடம் தேடினாள். அவள் மேசையில் யாரோ விட்டுப்போன ஒரு சின்னப் புகைப்படச் சட்டம் திரைக்குப் பின்னால் நின்றது. அதைச் சற்றுத் தள்ளிவிட்டுக் குவளையை வைத்தாள்.

“ஒரு சோதனை ஓட்டிப் பாப்போம். நாய்க்குட்டி இருக்குதுல்ல?”

சோதனைக்கென்றே வைத்திருந்த தொகுப்பு அது. சாக்குப்பையில் தூங்கும் ஒரு பழுப்பு நாய்க்குட்டி. அதற்குப் பன்னிரண்டு பிடிகள். ஒரு நினைவை எத்தனை மற்ற நினைவுகள் பற்றிக்கொண்டிருக்கின்றனவோ அத்தனை பிடி. பால் வாடை ஒரு பிடி, சாக்கின் சொரசொரப்பு ஒரு பிடி. எல்லாப் பிடியும் விட்டுப்போனால் அது யாருக்கும் வேண்டாதது என்று கிடங்கு முடிவுசெய்து, அந்த இடத்தை அடுத்து வரும் நினைவுக்குக் கொடுத்துவிடும்.

முதல் முறை நாய்க்குட்டி திரையில் வந்தது. ஐந்தாவது முறையும் வந்தது.

“நல்லாத்தானே தூங்குது! இதுக்கா என்னைச் சோறு திங்க விடாம உக்கார வெச்சிருக்கீங்க?” என்றார் ஜெயசீலன்.

“இருங்க.”

பன்னிரண்டாவது முறையும் நாய்க்குட்டிதான். பதின்மூன்றாவது முறை, கண்ணாடி முன்னால் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வானொலி பாடியது. கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

ஜெயசீலன் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார்.

“இது யாரோட நெனப்பு?” என்றார்.

பூங்கோதை பாலத்தைத் திறந்து மேலிருந்து படித்தாள். நாற்பது நிமிடத்தில், கிடங்கிடம் நினைவைக் கேட்கும் ஒரு வரியில் நின்றாள்.

“சீலன், ‘வாங்கு’ன்னா என்னங்க?”

“இது என்ன கேள்வி? காசு குடுத்துக் கடையில வாங்குறது.”

“பக்கத்து வீட்டுல குடை வாங்கிட்டு வந்தேன்னா?”

அவர் திரையில் இருந்த அந்த வரியைப் பார்த்தார்.

“அது… இரவல்.”

கிடங்கை எழுதியவர்கள் இரவலைத்தான் நினைத்திருந்தார்கள். ‘வாங்கு’ என்றால் பார்த்துவிட்டுச் சும்மா இரு. உனக்கென்று ஒரு பிடி போடவில்லை, அதனால் எந்தப் பிடியையும் விடாதே. ஜெயசீலனோ விலைக்கு வாங்குவதாக எடுத்துக்கொண்டார். சொந்தமாக வாங்கினால் ஒரு பிடி கூடியிருக்கும், வேலை முடிந்ததும் அதை விட்டுவிட வேண்டும். ஒழுங்கான ஆள் என்பதால் மறக்காமல் விட்டிருந்தார், ஒவ்வொரு முறையும். போடாத பிடியை விட்டபோதெல்லாம் அந்த நினைவின் உண்மையான பிடி ஒன்று கழன்றது.

“இரவல் வாங்கின குடையைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு, சுத்தமா வேலை முடிச்சேன்னு நின்னிருக்கீங்க,” என்றாள். சிரிப்பு வரவில்லை.

“ஒரு தொகுப்புக்குச் சராசரியா எத்தனை பிடி?” என்றார் ஜெயசீலன்.

“முந்நூறு.”

“தினம் ஒருதரம் பாத்தா…”

“பத்து மாசம்.”

இந்தப் பாலம் வெளியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு லட்சம் பேர். எப்போதாவது நினைப்பவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தினமும் நினைத்தவர்களுக்குத்தான் போயிருக்கும்.

“அப்போ ஒரே ஒரு புகார்தான் ஏன் வந்துச்சு?” என்றார் ஜெயசீலன்.

“தொலைஞ்சது தெரிஞ்சாத்தானுங்களே புகார் குடுக்க?”

எதிர்ச் சுவரில் நிறுவனத்தின் விளம்பரம் ஒளிர்ந்தது. ‘பத்தே மாதங்களில் துயரம் லேசாகிறது: எங்கள் பயனர்களின் அனுபவம்.’ இருவரும் அதை ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

பூங்கோதை நிறுத்தாணையை எழுதினாள். நாளைக் காலை ஒரு நிரலும் ஓடக்கூடாது. அனுப்பிய பிறகும் அவள் விரல்கள் விசைகளின் மேலேயே இருந்தன.

“நானும் தினம் ஓட்டுறேன் சீலன். நல்லவேளை, எனக்கு ஒண்ணும் ஆகல. இன்னிக்குக் காலையில கூடப் பாத்தேன். எங்க அக்கா சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுக்கறா. நான் விழறேன், அவ சிரிக்கிறா. ரெண்டு பக்கமும் உப்பளம், வெள்ளைவெளேர்னு.”

ஜெயசீலன் அவளையே பார்த்தார். அவர் தூத்துக்குடிக்காரர்.

“கோதை, உங்க ஊரு கோபிதானே?”

“ஆமாங்க, பொறந்து வளந்ததெல்லாம்.”

“கோபியில ஏது உப்பளம்?”

அவள் சிரித்தாள். வயலும் வாய்க்காலுமான ஊர்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“நீங்க வீட்டுக்கு ஒரே பொண்ணுன்னுதான் எங்கிட்ட சொல்லியிருக்கீங்க,” என்றார் மெதுவாக.

அவள் தன் காலை நிரலைத் திறந்தாள். இரண்டே வரி. ‘4471ஐ வாங்கு. காட்டு.’ அதற்கு மேலே, இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளே எழுதி வைத்த குறிப்பு: ‘தினமும். இவரை மறக்கவே கூடாது.’

“இவரை,” என்று வாய்விட்டுப் படித்தாள். “எங்க அக்காவை நான் எதுக்குங்க ‘இவரை’ன்னு எழுதறேன்?”

ஜெயசீலன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

“நாலு மாசமா நீங்க அவரைப் பத்திப் பேசவே இல்ல. அதுக்கு முன்னாடி சாப்பாட்டு நேரம் பூரா அவர் பேச்சுதான். ஒருவழியா மனசு தேறிட்டீங்கன்னு… சந்தோஷப்பட்டேன் கோதை. எங்க வீட்டுலகூடச் சொன்னேன்.”

“யாரைப் பத்தி?”

அவர் கண்கள் திரைக்குப் பின்னால் போய் நின்றன.

அந்தப் புகைப்படச் சட்டத்தைப் பூங்கோதை கையில் எடுத்தாள். மழைக்கோட்டு போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, படம் எடுப்பவரைப் பார்த்து எதற்கோ திட்டிக்கொண்டே சிரிக்கிறார். பின்னிருக்கை காலியாக இருந்தது. சட்டத்தைத் திருப்பினாள். பின்னால் ஒரு தேதி, அவள் கையெழுத்தில். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனவை என்று வீட்டில் அவள் மூட்டை கட்டி வைத்திருந்த ஐந்து ஆண்சட்டைகள் அப்போது ஞாபகத்துக்கு வந்தன.

மறுபடி முகத்தைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, வலது புருவத்தில் ஒரு தழும்பு. எதுவும் அவளை எங்கும் கொண்டுபோகவில்லை.

“சீலன்,” என்று படத்தை அவர் பக்கம் நீட்டினாள். “இவர் பேரென்னங்க? பேரை மட்டுமாவது சொல்லுங்க.”