மீன்கொத்திக்கு எத்தனை நீலம்?

சும்மா கிடைக்கிற பொருளை நான் நம்புவதில்லை. ஒருவன் ஒரு கையால் கொடுத்தால், அவனுடைய இன்னொரு கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அதனால்தான், பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரில் என் பேத்தி எதையோ இறக்கிக்கொண்டிருந்தபோது, சிமென்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். நான் டைல் ஒட்டும் கொத்தனார். அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் சுவரில் எனக்கு வேலை. பேத்தி அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். காரணம் கேட்காதீர்கள், கதை நீண்டுவிடும்.

"என்ன இது?"

"விரிதாள் தாத்தா. கட்டம் கட்டமா இருக்கும். கணக்கு போடலாம். கட்டத்துக்கு நிறம் கொடுத்தா படமும் வரையலாம்."

"என்ன விலை?"

"விலையே இல்ல."

"அப்ப ஏதோ வில்லங்கம் இருக்கு."

"ஒரு வில்லங்கமும் இல்ல. இது திறந்த மென்பொருள். உள்ளே எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணாலும் பார்க்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம். நிறைய பேர் சேர்ந்து செய்யறாங்க."

"நாலு கொத்தனார் சேர்ந்து கட்டினாலே சுவர் கோணிக்கும். இதுல நிறைய பேரா?"

"உங்க சுவர் கோணினா நீங்க ஒத்துக்கவே மாட்டீங்க. இவங்க ஒத்துக்குவாங்க," என்றாள். சொன்னேனே, வாலு என்று.

வாசல் சுவரில் காரை பெயர்ந்து அசிங்கமாக இருந்தது. டைல் கடைக்காரர் தன்னிடம் மீந்துபோன சின்னச் சின்னச் சதுர டைல்களைத் தருகிறேன் என்றார். அதுவும் சும்மாதான். நேரில் போய் ஒவ்வொரு பெட்டியிலும் தட்டிப் பார்த்தேன். விரிசல் இல்லை. நீலம், பச்சை, ஆரஞ்சு, வெள்ளை என்று நான்கு நிறம்.

சுவரில் என்ன படம் என்று வகுப்பே கூடிப் பேசி, மீன்கொத்தி என்று முடிவு செய்தார்கள். வாலு அதை விரிதாளில் வரைந்தாள். ஒரு கட்டம், ஒரு டைல். நீல இறக்கை, ஆரஞ்சு வயிறு, வெள்ளைக் கழுத்து, சுற்றிலும் பச்சை இலை. உண்மையைச் சொன்னால், பறவை இதோ பறந்துவிடும் போல இருந்தது.

அன்று மதியம் கடைக்காரர் போன் செய்தார்.

"மேஸ்திரி, எந்த நிறத்துல எத்தனை வேணும்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. மிச்சத்தை நாளைக்கு இன்னொருத்தர் எடுத்துட்டுப் போறார். அப்புறம் ஒண்ணு குறைஞ்சாலும் என்கிட்ட கிடையாது."

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். "கணக்கு வந்தா பார்க்கலாம் ஐயா. வரலைன்னா வெள்ளையடிச்சு விட்டுடுங்க. அரை மீன்கொத்தியை வெச்சுக்கிட்டு என்ன செய்யறது?" என்றார்.

வாலு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து என்னென்னவோ தட்டினாள். முகம் வாடிப்போயிற்று.

"தாத்தா, இது நிறத்தை எண்ண மாட்டேங்குது."

"பார்த்தியா? சும்மா வந்ததோட லட்சணம்!"

அவள் படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் கம்ப்யூட்டருக்குப் போனாள். அதில் காசு கொடுத்து வாங்கிய விரிதாள் இருந்தது. திறந்து பார்த்தால், கட்டங்கள் அகலமாகி, மீன்கொத்தி குண்டுக் கோழியாக உட்கார்ந்திருந்தது.

"அதுல செஞ்சதை இதுல திறந்தா சில சமயம் இப்படித்தான் ஆகும்," என்றாள் வாலு. நெடுநேரம் தேடிவிட்டு, "காசு கொடுத்ததும் நிறத்தை எண்ணலை தாத்தா," என்றாள்.

பழைய கம்ப்யூட்டருக்கே திரும்பி வந்தோம்.

சரி, விரலால் எண்ணுவோம் என்று உட்கார்ந்தோம். வாலுவின் வகுப்புப் பையன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். வயதுக்கு மீறிய உயரம். பெயர் நெட்டை. ஆரஞ்சுக்கு நான் ஒரு கணக்கு சொன்னேன். வாலு ஒன்று சொன்னாள். நெட்டை சொன்னது எங்கள் இரண்டு கணக்கையும் கூட்டினாலும் அதிகம்.

"டேய், இலையையும் சேர்த்து எண்ணிட்டியா? கண்ணை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பச்சையும் ஆரஞ்சும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது தாத்தா."

கதை விடுகிறான் என்று நினைத்தேன். பையிலிருந்து இரண்டு மாதிரி டைல்களை எடுத்து நீட்டினேன். "இதுல பச்சை எது?"

அவன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆரஞ்சைத் தொட்டான். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் போறேன். நான் இருந்தா சுவர் கெட்டுடும்," என்று எழுந்தான்.

வாலு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் திரையில் இருந்தது.

"உட்காருடா. நீயும் இந்த விரிதாளும் ஒரே ரகம்."

"என்னது?"

"ரெண்டு பேருக்கும் நிறம் பிடிபடாது. ஆனா ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியும்!"

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. நீலத்துக்கு 'நீ', பச்சைக்கு 'ப', ஆரஞ்சுக்கு 'ஆ', வெள்ளைக்கு 'வெ'. வாலு படத்தைப் பார்த்து வரிசை வரிசையாகச் சொன்னாள். நெட்டை தட்டினான். அவன் விரல்கள் ஓடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"மெதுவா சொல்லு" என்று அவன் ஒருமுறை கூடக் கேட்கவில்லை. "வேகமா சொல்லுடி" என்றுதான் கேட்டான்.

எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்று வாலு விரிதாளுக்கு ஒரு விதி கொடுத்தாள். அதன்பின் எழுத்தைப் போட்டால் நிறம் தானாக வந்தது. கடைசியாக, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை என்று எண்ணச் சொல்லி, கீழே நான்கு சூத்திரங்கள் எழுதினாள். கண்ணைச் சிமிட்டுவதற்குள் நான்கு எண்கள் வந்து நின்றன.

நான் நம்புவேனா? இருப்பதிலேயே குறைவு வெள்ளைதான். விரலை வைத்து எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். அதே எண்.

"இன்னொரு தடவை எண்ணுங்க தாத்தா, மாறினாலும் மாறும்," என்றான் நெட்டை. பயல் சிரித்துக்கொண்டிருந்தான்.

எண்களுக்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்தாள். "இது என்னடி?"

"தாத்தா உடைக்கப்போறது."

கணக்கைப் பார்க்க வந்திருந்த தலைமை ஆசிரியை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். நான் கடைக்காரருக்குப் போன் செய்து எண்களைச் சொன்னேன்.

மறுநாள் டைல்கள் வந்தன. வாலு படத்தை எந்தக் கம்ப்யூட்டரிலும் கோழியாக மாறாதபடி பிடிஎஃப் ஆக்கி, பல தாள்களில் அச்செடுத்து ஒட்டியிருந்தாள். பெட்டிகள் மேல் நெட்டை சாக்பீஸால் நான்கு எழுத்துகளையும் எழுதினான். எந்த டைல் எந்தப் பெட்டிக்கு என்று வகுப்புப் பிள்ளைகள் பிரித்துப் போட்டார்கள். அதன்பிறகு தாளில் இருந்த எழுத்தைப் பார்த்து எனக்கு எடுத்துக் கொடுத்தது முழுக்க நெட்டைதான். ஒன்று கூட மாறவில்லை. உச்சி வரிசையை அவனே ஒட்டினான். அவனுக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை.

நான் எத்தனை உடைத்தேன் என்று சொல்லமாட்டேன். வாலு போட்ட கணக்குப் போதுமானதாக இருந்தது.

கடைசி டைலைத் துடைத்துவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்து நின்று பார்த்தோம். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"மேஸ்திரி, பிரமாதம்! உங்க கைவேலையா?"

நான் வாலுவை ஒரு பக்கமும் நெட்டையை ஒரு பக்கமும் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

"படம் இவளோடது. ஒண்ணு கூட மாறாம எடுத்துக் கொடுத்தது இவன்," என்றேன். "சிமென்ட் மட்டும்தான் என்னோடது."