கறியில் இருந்த வாசனை

இருபது பிள்ளைகள் தலையில் புலன்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓநாயாக மாறக் காத்திருந்தார்கள். ராயக்கோட்டை புல்வெளி மையத்துக்கு வரும் எல்லா வகுப்புக்கும் இதே பாடம்தான். சாம்பல் ஓநாயின் கழுத்தில் கட்டிய பதிவுப்பட்டை அது கண்டது, மோந்தது, நினைத்தது, அஞ்சியது எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். கவசம் அதைப் பிள்ளையின் மூளைக்குள் ஓட்டும். அரைமணி நேரம் கூட்டமாக முயல் துரத்தலாம், பொந்தில் குட்டிகளோடு புரளலாம். ஒருமுறை வாழ்ந்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

மையத்தைப் பார்த்துக்கொள்ளும் தவமணி பத்தொன்பது கவசங்களில் முயல் வேட்டையை ஏற்றினாள். மிச்சமிருந்த ஒன்றில் வேறு பதிவு. அது ஓவியாவுக்கு. ஆட்டுப்பண்ணை முனிரத்தினத்தின் மகள், ஒன்பது வயது.

போன தை மாதம், செத்த ஆட்டில் விஷம் தடவிப் புல்வெளியில் போட்டது முனிரத்தினம். தாய் ஓநாய் அதை வயிறு முட்டத் தின்றது. பொந்துக்கு ஓடி, ஓநாய்களின் வழக்கப்படி, தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டியது. ஐந்தும் அதன் கண்முன்னே துடித்துச் செத்தன. பிறகு அதுவும். கறியில் ஒட்டியிருந்த ஆள்வாசனை பட்டையில் பதிந்திருந்தது. வாசனையெல்லாம் சாட்சியாகாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். பதினோரு வருஷம் அந்த ஓநாய்க் கூட்டத்தின் பின்னாலேயே அலைந்தவள் தவமணி. அந்த வாசனையை அடையாளம் சொல்ல முனிரத்தினத்தின் வீட்டிலேயே ஓர் ஆள் இருப்பது அன்றைக்கே அவளுக்கு உறைத்தது.

கவசத்தைக் கழற்றிய பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடினார்கள். ஓவியா மட்டும் எழவில்லை.

"அந்தக் கறியில அப்பா வாசனை மிஸ்."

தவமணியின் நெஞ்சு குளிர்ந்தது. "வீட்ல போய் அப்பாகிட்ட கேளு," என்றாள்.

நான்காம் நாள் முனிரத்தினம் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"என் கையால எதைக் கொடுத்தாலும் தொடமாட்டேங்குறா மேடம்."

"தொடமாட்டா."

"அதுகூடப் பரவால்ல. ரெண்டு வயசுத் தம்பிக்கு அவங்கம்மா சோறு ஊட்டினா, ஓடிவந்து அவன் வாயில விரலை விட்டுத் தோண்டி எடுக்குறா. அஞ்சு பேரையும் தானே கொன்னுட்டதா சொல்றா. போலீஸ்ல எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடறேன். அவ தலையில இருக்கிறதை மட்டும் அழிச்சிடுங்க."

இந்த வாக்குமூலத்துக்குத்தான் தவமணி காத்திருந்தாள். ஆனால் ஏற்றியதை அழிக்கக் கவசத்தில் வழியில்லை. மகள் அப்பாவை வெறுப்பாள் என்று கணக்குப் போட்டவளுக்கு, தாய் ஓநாயாகவே அவள் தங்கிவிடுவாள் என்று தோன்றவில்லை.

ஒரு டம்ளர் பாலோடு வாசலுக்குப் போனாள். ஓவியா காரில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ யாரையும் கொல்லலம்மா. அந்த ஓநாயும் கொல்லல. விஷம்னு அதுக்குத் தெரியாது."

ஓவியா டம்ளரை வாங்கவில்லை. தவமணியின் கையை மோந்து பார்த்தாள்.

"மனுஷ வாசனை அடிச்சா அது கிட்டயே போகாது மிஸ். பட்டை கட்டுறதுக்காக நீங்க மயக்க மருந்து கலந்து கறி வச்சீங்களே, அதைத் தின்னதுல இருந்துதான் பயம் போயிருச்சு. இதைத் தின்னாலும் தூக்கம் மட்டும்தான் வரும்னு நெனச்சுது."

தவமணி அந்தப் பதிவைத் திரையில் கோடுகளாகத்தான் பார்த்திருந்தாள். கவசத்தை மாட்டிப் பார்க்க அவளுக்குத் துணிவு வந்ததில்லை.

காரின் மறுபக்கம் நின்றிருந்த முனிரத்தினம் கதவைத் திறந்தார்.

"அதை நீங்களும் ஒரு தடவை மாட்டிப் பாருங்க மேடம்," என்றார்.