எதிரொலிக்காத அறை

பேய் என்று ஒன்று இருந்தால் அது அலைகளைத் திருப்பி அனுப்பியே தீர வேண்டும், அனுப்பினால் தன் ஆண்டெனா அதைப் பிடித்தே தீரும், இதுவரை பிடிக்கவில்லை, ஆகவே மனித குலம் இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று வெய்லுன் அன்று காலை அறிவித்தான். ஷின்சு நகரத்து ஆய்வுக்கூடத்தில் அவன்தான் புதியவன். அறிவித்த கையோடு, சோதனை அறையில் கருவி அலமாரியின் தலைமேல் இருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்துத் தின்றான்.

தேங்காய் வாசனைச் சோளப்பொரி. 'நல்லபடியா இரு' என்று மேலே அச்சிட்டிருக்கும். அது மேலே இருந்தால் இயந்திரம் அடம்பிடிக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை; ஒழுங்காக ஓடும் எந்த இயந்திரத்தின் மேலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். பச்சையாக இருக்க வேண்டும், காலாவதித் தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரிக்கக் கூடாது.

"பிரிச்சிட்டியா?" என்றார் குழுத்தலைவி ஷூஃபென் அக்கா.

"மெஷினுக்குப் பல் இல்லக்கா. எனக்கு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. பிற்பகலில் வாடிக்கையாளர் கண்முன் ஆண்டெனா தேறியாக வேண்டும். தேறாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்கள்; முதலில் வீட்டுக்குப் போகிறவன் வெய்லுன். சிக்னல் நகர நகர அதன் பக்கம் தன்னைத் தானே வளைத்துக்கொள்வதும், தொந்தரவு வரும் திசைக்கு மட்டும் செவிடாகிவிடுவதும்தான் அந்த ஆண்டெனாவின் வித்தை.

மதியம் சாப்பிட்டதும் வழக்கம்போல விளக்குகளை அணைத்தார்கள். பன்றி வறுவல் வாசனை மிதக்கும் இருட்டில் எல்லோரும் மேசையில் தலை கவிழ்த்துத் தூங்க, கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று வெய்லுன் விதிப்படி கைப்பேசியையும் கடிகாரத்தையும் வெளித்தட்டில் வைத்துவிட்டுச் சோதனை அறைக்குள் நுழைந்தான்.

கனத்த கதவு மூடியதும், நாள் முழுக்க ஜன்னல்களை உலுக்கும் ஷின்சுவின் காற்று அறுந்து நின்றது. சுவர், கூரை, தரை எங்கும் கூர்கூராக முளைத்த கறுப்பு நுரைப்பஞ்சு, ரேடியோ அலையோடு செருப்புச் சத்தத்தையும் மூச்சையும் விழுங்கிக்கொண்டது. மிச்சமிருந்தது சூடான ரப்பர் வாசனையும், தன் காதுக்குள் தானே ஓடும் ரத்தத்தின் இரைச்சலும்தான். சிக்னல் அனுப்பும் கருவியின் கம்பியைக் கழற்றிப்போட்டான். பிடிக்க எதுவும் இல்லாதபோது கருவி அலமாரியின் திரையில், ஆண்டெனா காதுகொடுக்கும் திசையைக் காட்டும் அலைக்கற்றை கலைந்து எல்லாப் பக்கமும் தடுமாற வேண்டும்.

தடுமாறவில்லை. பச்சை நாக்குபோல ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. மூலையில்.

மூலையில் நுரைப்பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

மென்பொருள் கோளாறு என்று உரக்கச் சொன்னான். சொல் உதட்டைத் தாண்டவில்லை. நாக்கு மெல்ல நகர்ந்தது, யாரோ சுவரோரமாக நடந்து வருகிற வேகத்தில். நின்றது. மறுபடி நகர்ந்தது. இப்போது அவன் பக்கம். அவன் விலகினான். அவன் விட்டு விலகிய இடத்தில் அது நின்றது. கழுத்தின் பின்னால் தேங்காய் வாசனை.

பிறகு நாக்கு இரண்டாகப் பிளந்து அவனுக்கு இருபுறமும் ஒதுங்கியது. நடுவில் ஒரு செவிட்டுப் பள்ளம். பள்ளத்தில் அவன். ஆண்டெனா வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. அவன் தொந்தரவு.

"அக்கா."

அறை விழுங்கியது.

கதவை எப்படித் திறந்தான் என்று தெரியவில்லை. வெளியே அதே இருட்டு, அதே கவிழ்ந்த தலைகள். யாரிடம் சொல்ல? சொன்னால் சோதனை நின்றுவிடும். ஷூஃபென் அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"கீழ் டிராயர்ல ஒண்ணு இருக்கு, விஞ்ஞானி. தேதி பாத்து எடு."

கைப்பேசி வெளிச்சத்தில் தேதியைப் பார்த்தான். இரண்டு முறை பார்த்தான். வெறுங்கையோடு போகிறவர்களைவிட மெதுவாக உள்ளே போய், பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தி, எழுத்து வெளியே தெரிய அலமாரிமேல் வைத்தான்.

திரையில் நாக்கு கலைந்தது. எல்லாப் பக்கமும் தடுமாறியது. சரியாக, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல.

வெய்லுன் கைகூப்பினான். கோயிலில் அம்மா வணங்குவதுபோல மூன்று முறை குனிந்தான். மூன்றாவது முறை குனிந்தவாறே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"நல்லபடியா இரு."

எதையும் திருப்பித் தராத அந்த அறையின் மூலையிலிருந்து, சற்றுப் பொறுத்து, அவன் குரலிலேயே பதில் வந்தது.

"நல்லபடியா இரு."

வெய்லுன் தலை நிமிராமல், நல்லபடியாக இருந்தான்.