கதவிடுக்கில் ஒரு நூல்

அன்று காலையும் தியேட்டர் சிஸ்டர் வழக்கம்போலத்தான் வந்தாள். பழைய கட்டடத்தின் மாடி ஏறி, செருப்பை மாற்றி, பச்சை உடுப்புக்குள் நுழைந்து, ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியிலிருந்து உருவிய ஒரு நூலைக் கதவிடுக்கில் பிடித்தாள். தியேட்டருக்குள் இருக்கும் காற்று எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நூல் தன் பக்கம் வளைந்தால் நல்லது. உள்பக்கம் வளைந்தால், வராந்தாவின் தூசியும் கிருமியும் நோயாளியின் திறந்த வயிற்றுக்குள் போகின்றன என்று அர்த்தம். மெஷின் ஆயிரம் சொல்லட்டும், நூல் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. அதனால்தான் அவளுக்குக் 'காத்துக்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நூல் உள்ளே வளைந்தது.

சற்று நின்றது. மெல்ல வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

"எழவெடுத்த காத்து," என்று முணுமுணுத்தாள்.

கொஞ்ச காலமாகவே இதே கூத்து. இங்கே போட்ட தையல் ஒன்றும் ஒழுங்காக ஆறுவதில்லை. சீழ் பிடித்துத் திரும்பி வருகிறார்கள். சொல்லிச் சொல்லி அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பெரிய டாக்டர் தலையாட்டினார். ஆபீஸில் 'பார்க்கலாம்' என்றார்கள். பார்த்துக் கிழித்தார்கள். நாளைக்கு அதே மேஜையில் அவளுடைய சொந்தத் தங்கச்சி படுக்கப்போகிறாள். வயிற்றுக் கட்டி, தள்ளிப்போட முடியாது. இன்னொரு தியேட்டரில் கூரை ஒழுகுகிறது என்று பூட்டிவிட்டார்கள்.

ஏசி மெக்கானிக்கைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். எதைக் கேட்டாலும் "ரீடிங் கரெக்டா இருக்கு" என்பதால் அவனுக்கு ரீடிங் என்றே பெயர். அவன் வந்து நின்றதும் நூல் நல்ல பிள்ளையாக வெளியே வளைந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்? ரீடிங் கரெக்டா இருக்கு."

"நீ வந்தா நடிக்குதுப்பா. நீ போனதும் ஆரம்பிச்சிடும்."

"காத்து நடிக்குமா?"

அவன் சிரித்தது அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. எங்கேயோ அடைப்பு இருக்கிறது என்று உள்ளே போய், மூலையில் இருந்த தையல்நூல் அலமாரியை அவளே பிடித்துத் தள்ளினாள். அவன் அலுத்துக்கொண்டே கைகொடுத்தான்.

பின்னால் சுவரில், தரையை ஒட்டி, ஒரு கிரில். பழைய காற்று வெளியேறுவதற்காக வைப்பது. அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, புண்ணுக்குக் கட்டுப்போடும் அதே வெள்ளை பிளாஸ்டர். ஒன்றின் மேல் ஒன்றாக, அடியில் இருந்தது பழுத்து மஞ்சளாகி, வேறுவேறு கைகள் வேறுவேறு காலத்தில் ஒட்டியதுபோல் கனமாக இருந்தது.

"இதோ இருக்கு பாரு! பெயிண்ட் அடிக்கும்போது ஒட்டிட்டு மறந்து தொலைச்சிருக்காளுங்க. எனக்கு முன்னாடி இருந்தவளுங்க லட்சணம் இது."

ரீடிங் நெற்றியைச் சுருக்கினான். "அடைச்சிருந்தா காத்து இன்னும் வேகமாத்தானே வெளிய தள்ளணும்? உள்ள எப்படி இழுக்கும்?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகத்தைக் கொடுத்துப் பிய்த்தாள். கடைசிப் பட்டை சதையிலிருந்து உரிவதுபோல் வந்தது.

கிரில்லிலிருந்து காற்று வந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது. நெடுநாள் படுக்கையில் கிடப்பவரின் வாய் நாற்றம் அடித்தது. யாரோ வெகுகாலம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோல, நீளமாக வந்து ஓய்ந்தது.

ரீடிங் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தான். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"சிஸ்டர்... இதுக்குப் பின்னாடி குழாயே இல்ல. வெறும் சுவர்."

"சுவரோ மண்ணோ, நூலைப் பார்ப்போம் வா."

கதவிடுக்கில் நூல் வெளியே வளைந்தது. வளைந்தபடியே நின்றது. அவன் எழுந்து போன பிறகும் நின்றது. ஒரு மாதத்துப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. கண் கலங்கிவிட்டது. சுவரைப் பற்றி அதன் பிறகு அவள் நினைக்கவே இல்லை.

மறுநாள் தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"நூல் என்னக்கா சொல்லுது? போகலாமா, வீட்டுக்குத் திரும்பலாமா?"

"பேசாம படுடி."

கட்டியை எடுத்தாயிற்று. ஒரு சொட்டு ரத்தம்கூட வீணாகவில்லை. "காத்து நல்லா இருக்கு சிஸ்டர், பிடிவாதமா நின்னு சாதிச்சிட்டீங்க," என்றார் பெரிய டாக்டர். இத்தனை நாள் அவள் கத்தியதற்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

சாயங்காலம் வார்டில் தங்கச்சியின் கட்டிலருகே உட்கார்ந்தாள். தங்கச்சி கண்மூடிக் கிடந்தாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. சிஸ்டர் தன் சட்டைக் கையில் ஒரு காஸ் நூல் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். கை சும்மா இருக்குமா? பழக்கதோஷம், எடுத்துத் தங்கச்சியின் மூக்கருகே பிடித்தாள்.

நெஞ்சு ஏறியது. நூல் மூக்கை நோக்கி வளைய வேண்டும்.

விலகிப் பறந்தது.

நெஞ்சு இறங்கியது. நூல் உள்ளே இழுபட்டது.

கண் அசதி என்று தன் மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. திரும்பத் தங்கச்சியிடம் கொண்டுபோனாள்.

ஏறியது. விலகியது.

இறங்கியது. உள்ளே போனது.

வெதுவெதுப்பான அந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

"அலமாரியை நகர்த்தினியே," என்றாள் தங்கச்சி, கண்ணைத் திறக்காமல், ரகசியம்போல. "நல்லவேளை. உள்ள மூச்சு முட்டிப்போச்சு."

அக்கா என்று கூப்பிடவில்லை.

சிஸ்டரின் கை தானாக உடுப்புப் பைக்குள் போனது. உள்ளே பிளாஸ்டர் சுருள் இருந்தது. தனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக எதற்கு ஒட்டினார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. சுவரில் இருந்த ஓட்டையை அவர்கள் அடைத்தார்கள். இவள் எதை அடைப்பாள்?

தங்கச்சியின் உதடு மெல்லப் பிரிந்தது. விரலில் இருந்த நூல் அந்த வாயை நோக்கி, நேராக, நீண்டு நின்றது.