பாலத்தைக் கடந்த மஞ்சள் மஃப்ளர்

உல்யானாவுக்கு மஃப்ளர் பின்னத் தெரியும். பின்னி முடிக்கத்தான் தெரியாது.

ஆரம்பிப்பதை அம்மா சொல்லிக்கொடுத்தார். வரிசை வரிசையாகப் பின்னுவதையும் சொல்லிக்கொடுத்தார். முடிப்பதைச் சொல்லிக்கொடுக்கும் முன்பே ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அதனால் மஃப்ளர் வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது. கம்பளிநூல் தீர்ந்த பிறகுதான் நின்றது. கடைசி வரிசை அவிழ்ந்துவிடாமல் இருக்க, உல்யானா அதில் ஒரு சணல் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டு வைத்தாள்.

"இதை வீசி இழுத்தா அந்தக் கரையையே இங்க கொண்டுவந்துடலாம் போல," என்றார் அப்பா.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை. அப்பா சிரித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது.

நார்வா ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஐரோப்பிய ஒன்றியம். அந்தப் பக்கம் ரஷ்யா. இந்தக் கரையில் ஒரு கோட்டை, அந்தக் கரையில் ஒரு கோட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம். முன்பெல்லாம் அதில் கார் போகும், பஸ் போகும். போர் வந்த பிறகு ஒவ்வொன்றாக நின்றது. இப்போது நடந்து மட்டும்தான் போகலாம். அதுவும் இரவில் கிடையாது. அதுவும் வரிசையில் நின்றுதான்.

ரிம்மா பெரியம்மா அந்தக் கரையில் இருக்கிறார். இலையுதிர் காலத்தில் அவருக்குக் கை கால் விழுந்துவிட்டது. கவனித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அம்மா ஒரு பையோடு கிளம்பிப் போனவர்தான். பெரியம்மாவை அரை நாள்கூடத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை.

இன்றைக்கு அம்மாவின் பிறந்தநாள்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை கிடைத்தது. நேற்றே எடுத்திருக்கலாம். ஆனால் பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்று அவர்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு பயம். அப்பாவுக்கும் உண்டு.

"நேத்துப் போய், வாய் தவறி வாழ்த்துச் சொல்லிட்டா? ஏற்கனவே இருக்குற கஷ்டம் போதாதா?" என்று சொல்லி, இன்றைக்கு விடுமுறை எடுத்தார். இன்று போய், பெரியம்மா வீட்டிலேயே தூங்கி, காலையில் திரும்பிவிடலாம் என்று திட்டம்.

அங்கேதான் தப்புக் கணக்கு ஆகிவிட்டது.

* * *

வரிசை பாலத்து வாசலிலிருந்து சதுக்கத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. ஆற்றிலிருந்து வந்த காற்று கன்னத்தைக் கடித்தது.

"யாரு கடைசி?" என்று கேட்டார் அப்பா.

"நான்தான்," என்றார் நீலப் பை வைத்திருந்த ஒரு பாட்டையா.

அவ்வளவுதான், இடம் கிடைத்தாயிற்று. நமக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நடுவில் கடைக்குப் போய்க் கொஞ்சம் குளிர்காய்ந்துவிட்டுக்கூட வரலாம். ஆனால் இடையில் நுழைந்தால் மட்டும் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர் அர்க்காதி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவர் தும்மியபோது சதுக்கத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"இந்த வாரத்துல ரெண்டு தடவை வந்துட்டேன்," என்று அவர் யாரும் கேட்காமலே அறிவித்தார். "ரெண்டு தடவையும் என் மூக்குக்கு நேரா கேட்டைச் சாத்திட்டானுங்க! அந்தப் பக்கம் என் பொண்ணு பிரசவ ஆஸ்பத்திரியில கிடக்கா. இன்னைக்கும் சாத்தட்டும், பார்க்கிறேன்!"

"கத்தாதீங்க. காது வலிக்குது," என்றார் நீலப் பைக்காரர்.

"நான் எங்கய்யா கத்தினேன்? நான் பேசுறதே இப்படித்தான்!"

மத்தியானம் கழிந்தது. பாதித் தூரம்கூட நகரவில்லை. அப்போதுதான் முன்னாலிருந்து ஒரு செய்தி வாய் வாயாகப் பின்னால் வந்தது. மறுபடியும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் தூதர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்று முதல் பாலத்தைச் சீக்கிரமே மூடப்போகிறார்களாம்.

போரைப் பற்றி அந்த வரிசையில் பேசுவதே இல்லை. பேசினால் சண்டை வரும்.

"அப்பா, தூதர்னா யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள் உல்யானா.

"சண்டை போட்டுக்கிட்ட ரெண்டு வீட்டுக்கு நடுவுல சேதி கொண்டுபோற ஆளு மாதிரி, உல்யா. கோபமா இருந்தாலும் அவரை உள்ள விடணும், உட்காரவைக்கணும், சொல்றதைக் கேக்கணும்."

"அவரையும் அனுப்பிட்டா?"

அப்பா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவள் கையில் கொடுத்தார். முட்டைக்கோஸ் பூரணம் வைத்த பன் ஒன்றும் கொடுத்தார். அது குளிரில் கல்லாகியிருந்தது.

வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்தபோது வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. உல்யானா முன்னால் இருக்கும் தலைகளைப் பார்த்தாள். நீலப் பைக்காரர் போய்விடுவார். பிறகு அப்பாவும் நானும். போய்விடலாம். நிச்சயம் போய்விடலாம்.

அப்போதுதான் ஒரு பெண் வந்தார்.

* * *

மெல்லிய கோட்டு. தலையில் ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. கிளம்பும்போது எதை எடுப்பது என்றே தோன்றாமல் ஓடிவந்தவர் போல இருந்தார். வரிசையில் ஒவ்வொருவரிடமாக வந்து கேட்டார்.

"என் பேரு ஸோயா. காலையிலதான் தகவல் வந்துச்சு. என் அண்ணன் போயிட்டான். நாளைக்குக் காலையில அடக்கம் பண்ணிடுவாங்க. என்னை உங்களுக்கு முன்னால விடுவீங்களா?"

ஒருத்தி தரையைப் பார்த்தாள். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அர்க்காதிதான் வெடித்தார்.

"அம்மா, எனக்கும் வருத்தம்தான்! ஆனா உங்களை முன்னால விட்டா நான் பின்னால போவேன். எனக்குப் பின்னால இருக்குறவங்க எல்லாரும் ஒரு இடம் பின்னால போவாங்க. இங்க காரணம் இல்லாம யாரு நிக்குறா? கடைசியில போய் நில்லுங்க!"

"அவர் சொல்றது நியாயம்தான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஸோயா வாக்குவாதம் செய்யவில்லை. தலையை ஆட்டிவிட்டு, வரிசையின் வாலை நோக்கி நடந்தார். அந்த வால் எங்கே இருக்கிறது என்றே இங்கிருந்து தெரியவில்லை. அவருடைய காதுகள் குளிரில் சிவந்து போயிருந்தன.

அர்க்காதி மாமா சொன்னது சரி என்று உல்யானாவுக்கே தெரிந்தது. ஒருவர் நுழைந்தால் பின்னால் இருக்கிற எல்லோருக்கும் நஷ்டம். ஆனால்...

"அப்பா, நுழைஞ்சாத்தானே தப்பு? இடத்தை மாத்திக்கிட்டா?"

அப்பா குனிந்து அவளைப் பார்த்தார். "என்ன சொல்ற?"

"அவங்க நம்ம இடத்துக்கு வரட்டும். நாம அவங்க இடத்துக்குப் போயிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லையே."

"நமக்கு?" என்று கேட்டார் அப்பா. "உல்யா, கடைசிக்குப் போனா இன்னைக்குப் போக முடியாது. எனக்கு அடுத்த லீவு எப்போ கிடைக்கும்னு தெரியாது. அதுவரைக்கும் இந்தப் பாலம் திறந்திருக்குமான்னும் தெரியாது."

அது உல்யானாவுக்கும் தெரியும். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா அடுத்த மாசமும் இருப்பாங்கப்பா. அவங்க அண்ணன் நாளைக்கு வரைக்கும்தானே இருப்பாரு?"

அப்பா அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். பிறகு, "போ. ஓடிப்போய்க் கூட்டிட்டு வா," என்றார்.

* * *

உல்யானா ஸோயா அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தபோது அர்க்காதி மறுபடியும் வாயைத் திறந்தார்.

"ஏய், பாப்பா! நான் என்ன சொன்னேன்? நுழையக் கூடாது!"

"நுழையலை மாமா. நாங்க ரெண்டு பேரும் வெளிய போறோம். இவங்க ஒரு ஆள் உள்ள வராங்க."

அர்க்காதி திறந்த வாயை மூடாமல் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் வருகிறார். அப்படியானால்...

"அப்போ நான் ஒரு இடம் முன்னால வரேனே!"

"ஆமா மாமா."

அந்த வரிசையில் அர்க்காதி சத்தம் போடாமல் நின்றது அப்போதுதான். "அது வந்து... எனக்கு ஆட்சேபணை இல்லை," என்று முணுமுணுத்தார்.

ஸோயா அத்தை குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். உல்யானா தன் பையைத் திறந்து மஃப்ளரை எடுத்தாள். எலுமிச்சை மஞ்சள் நிறம். அத்தையின் கழுத்தைச் சுற்றினாள், தலையைச் சுற்றினாள், மறுபடியும் கழுத்தைச் சுற்றினாள். அப்படியும் அது முழங்கால்வரை தொங்கியது.

"இது எங்கம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு. அந்தப் பக்கம் போறவரைக்கும் நீங்க போட்டுக்குங்க. வாசல்ல எங்கம்மா நிப்பாங்க, அவங்ககிட்டக் குடுத்துடுங்க. ஆனா வாழ்த்து மட்டும் நீங்க சொல்லிடாதீங்க. அதை நான்தான் சொல்லணும்."

"சொல்லமாட்டேன் கண்ணு," என்றார் ஸோயா. மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அப்பா அம்மாவுக்குப் போன் செய்தார். "ஆல்லா, எங்களால வர முடியலை. நீ பாலத்து வாசலுக்கு வா. மஞ்சள் மஃப்ளர் கட்டிக்கிட்டு ஒரு அம்மா வருவாங்க. அப்புறம் ஆத்தங்கரைக்கு வா, நாங்க இந்தப் பக்கம்..." அதோடு போன் அணைந்துவிட்டது. பழைய போன், குளிர் தாங்காது.

அவர்கள் வரிசையின் கடைசிக்குப் போகவில்லை. போய்ப் பயனில்லை. வாசல் பக்கமாகவே ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நீலப் பைக்காரர் உள்ளே போனார். ஸோயா அத்தை போனார். அர்க்காதி போனார். அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டு மூடியது.

அர்க்காதி திரும்பிக் கம்பி வழியாக உல்யானாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல நினைத்தார் போல. பிறகு மஞ்சள் மஃப்ளரின் பின்னாலேயே வேகமாக நடந்தார்.

வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். ஒரு பெண் மட்டும் மூடிய கேட்டின் முன்னால் தன் பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

* * *

ஆற்றங்கரை நடைபாதையில் அப்பாவும் உல்யானாவும் காத்திருந்தார்கள். எதிர்க்கரை மங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கமும் வரிசை உண்டு, சோதனை உண்டு. ஒருவேளை ஸோயா அத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ? அம்மாவுக்குப் போனில் சரியாகக் கேட்கவில்லையோ?

"கால் மரத்துப் போச்சாடா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லை," என்று பொய் சொன்னாள் உல்யானா.

கடைசியில் எதிர்க்கரையில் ஒரு மஞ்சள் புள்ளி அசைந்தது. சாம்பல் நிறக் கோட்டைச் சுவருக்குக் கீழே, அதுமட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு சின்ன உருவம் அந்த நீளமான மஞ்சளைத் தலைக்கு மேல் பிடித்து வீசி வீசி ஆட்டியது.

"அம்மா!" என்று கத்தினாள் உல்யானா.

அம்மாவும் ஏதோ கத்தினார். அம்மாவுக்கு மெல்லிய குரல். காற்றும் தண்ணீரும் அதை விழுங்கிவிட்டன.

அப்போது மஞ்சள் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டது.

"உல்யானா!" புறாக்கள் இல்லை, இருந்திருந்தால் பறந்திருக்கும். "உங்கம்மா கேக்குறாங்க! இந்தச் சணல் கயிறு எதுக்கு?"

உல்யானாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எனக்கு முடிக்கத் தெரியாதும்மா! நீங்க சொல்லித் தரவே இல்லை!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

அந்தப் பக்கம் இரண்டு உருவங்களும் தலையைச் சேர்த்து ஏதோ பேசிக்கொண்டன.

"கயிறு அப்படியே இருக்கட்டுமாம்!" என்று முழங்கினார் அர்க்காதி. "அவங்க அவிழ்க்கமாட்டாங்களாம்! நீ வந்துதான் முடிக்கணுமாம்! சொல்லித் தருவாங்களாம்!"

அப்பாவின் தோள்கள் குலுங்கின. உல்யானா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"நல்ல தூதர்தான் கிடைச்சிருக்காரு நமக்கு," என்றார்.

உல்யானா கரையோரக் கம்பியில் ஏறி நின்றுகொண்டாள். அப்பா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, காலையிலிருந்து பத்திரமாக வைத்திருந்த வாழ்த்தை ஆற்றுக்கு மேலே அனுப்பினாள். அது சரியான நாளில்தான் போய்ச் சேர்ந்தது.