விக்கலோடு வந்த பதில்

நேடீன் பெண் எல்க் மான் கனைப்பதைப் போல ஊதினாள். முதுகுக்குப் பின்னே, மேட்டிலிருந்த தேவதாரு மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது. அவள் செய்த பிழையும் அதில் இருந்தது.

வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் அந்தச் சின்ன ரப்பர் ஊதலோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டியும், மெல்ல எழும்பிச் சரிய வேண்டிய கனைப்பு அவளுக்கு முடிவில் விக்கலெடுத்து உடைந்துகொண்டே இருந்தது. "கதவிடுக்குல மாட்டுன பூனை மாதிரி இருக்கு" என்று அண்ணன் ஓரின் வேட்டைக்கு வரும்போது வண்டியிலேயே சிரித்தான். "ஆண் மான் வருதோ இல்லையோ, நரி வரும்."

இப்போது அவன் கீழே ஓடைப்பக்கம் வில்லோடு பதுங்கியிருக்க வேண்டும். இவள் மேலிருந்து அழைக்க, பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் ஆண் மானை அவன் அடிப்பதாக ஏற்பாடு. ஐடஹோ மலையில் செப்டம்பர் வெயில் மரநுனிகளை விட்டும் விலகிவிட்டது.

மறுபடி ஊதினாள். மறுபடி அதே கனைப்பு, அதே விக்கல். இம்முறை நெருக்கத்தில்.

ஓரின்தான். சின்ன வயதில் கட்டிலுக்கடியில் ஒளிந்து காலைப் பிடித்து இழுத்தவன், சுற்றிக்கொண்டு மேலே ஏறிவந்து கேலி செய்கிறான். ஆனால் காய்ந்த சருகு மண்டிய அந்தச் சரிவில் ஒரு காலடிகூடக் கேட்கவில்லையே. ஆண் மானின் மூத்திர நெடியும் இல்லை. மழையில் நனைந்த கம்பளியை மூட்டைகட்டி வைத்தது போன்ற புழுங்கல் வாசனைதான் மரங்களுக்குள்ளிருந்து கசிந்து வந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, மூச்சை அடக்கி, நாக்கைத் தளர்த்தி ஊதினாள். முதல்முறையாகக் கனைப்பு உடையாமல் முடிந்தது.

பதிலும் உடையவில்லை.

ஊதலைத் துப்பினாள். "போதும் ஓரின். விளையாடாத."

பிறகு மரங்களுக்குள்ளிருந்து அவள் குரல், நிதானமாக: "போதும் ஓரின். விளையாடாத."

"யாரு விளையாடுறா?"

ஓரின். கீழேயிருந்து.

சருகு நொறுங்க ஏறிவந்தான். "எங்கடி இருக்க நேடீன்?"

"இங்க இருக்கேன்" என்றது மேலிருந்து அவள் குரல். "மேல வா."

அவன் அவளைத் தாண்டி ஏறினான். நேடீன் பதுங்கியிருந்த புதரிலிருந்து எழுந்தாள். கத்தினாள். தொண்டை வறண்டிருந்தது; குரல் பிளந்து, கரகரத்து, பாதியில் விக்கலெடுத்தது.

"போகாத... அது நானில்ல."

ஓரின் திரும்பினான். மான் கண்ணில் படாதிருக்க அவள் முகமெல்லாம் கரி, உடம்பெல்லாம் இலைச்சாயத் துணி. அந்த மங்கலில் அவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? வில்லை உயர்த்தினான். நாண் காதுவரை வந்தது.

"கிட்ட வராத."

"ஓரின், நான்தான்..."

"அது நானில்ல ஓரின்" என்றது அவனுக்குப் பின்னால், தெளிவாக, பாசமாக. "அதை நம்பாத. அப்படியே பின்னாடியே நடந்து எங்கிட்ட வந்துரு."

அவன் தலையசைத்தான். அம்பு அவள் மார்பைப் பார்த்தபடியே இருந்தது. ஓரடி பின்வாங்கினான். இன்னும் ஓரடி.

அவன் முதுகுக்குப் பின்னே, காற்றே இல்லாத மேட்டில், தேவதாருக் கிளைகள் அவன் அகலத்துக்கு மெதுவாக விலகிக்கொண்டிருந்தன.